எங்கிருந்து வெட்டுவது

வேளச்சேரி, சென்னை
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அப்பாவின் முழங்கால் வலியில் எல்லாம் தள்ளிப்போனது. இப்போது தேவலை. நேற்று யாரிடமும் சொல்லாமல் பறக்கும் ரயில் ஸ்டேஷன் வரை நடந்துபோய்த் திரும்பியிருக்கிறார். அம்மா திட்டித் தீர்த்தாள், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மழை இன்னும் வலுக்கவில்லை, ஆனாலும் தெருவில் எல்லோரும் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ரீபேஸ் போட்டால், அதாவது ஒரு கிளையின் வேலையை இன்னொன்றின் நுனியில் மறுபடி நட்டால், உன் பசங்க எழுதாத கமிட்டில் (பதிந்து வைத்த மாற்றத்தில்) எல்லாம் கான்ஃப்ளிக்ட் (இரண்டு மாற்றங்கள் மோதுவது) வருகிறது, அதனால் டீமில் ரீபேஸையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். நிறுத்தாதேடா. இதேதான் போன வியாழக்கிழமை எங்கள் ஆபீஸிலும் நடந்தது.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். லாகின் வேலை முடியும்வரை காத்திருக்காமல், லாகின் பிராஞ்சிலிருந்தே (கிளையிலிருந்தே) பேமெண்ட் என்று ஒரு பிராஞ்ச் எடுத்து மூன்று நாள் உழைத்திருக்கிறாள். லாகினில் 5 கமிட், அதற்கு மேல் இவளுடையது 4. அதற்குள் லாகினை ஸ்குவாஷ் செய்து, அதாவது எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கி, முதன்மைக் கிளையான மெயினில் சேர்த்துவிட்டார்கள். இவள் வழக்கம்போல 'கிட் ரீபேஸ் மெயின்' என்று அடித்தாள். முதல் கமிட்டிலேயே கான்ஃப்ளிக்ட்.

ஏன் என்று பார். மெயினில் இல்லாமல் இந்தப் பிராஞ்சில் மட்டும் எவை இருக்கின்றன என்று ரீபேஸ் தேடும். அதே மாற்றம் அங்கே ஏற்கெனவே தனிக் கமிட்டாக இருந்தால், அதை அடையாளம் கண்டு விட்டுவிடும். ஸ்குவாஷ் செய்ததும் 5 கமிட்டும் ஒன்றாகிவிட்டன. பழைய ஐந்தில் எதுவும் அதோடு பொருந்தாது. அதனால் ஒன்பதையும் தூக்கிக்கொண்டு போய் நடப் பார்க்கிறது.

உங்கள் வீட்டுக் கொல்லையில் உன் அம்மா முருங்கைப் போத்து நட்டது ஞாபகம் இருக்கிறதா? எங்கே வெட்ட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் அரிவாளை உன் கையில் கொடுப்பார்கள். ரீபேஸிடமும் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆன்ட்டூ இருக்கிறது: 'கிட் ரீபேஸ் --ஆன்ட்டூ மெயின் லாகின் பேமெண்ட்'. முதலில் எங்கே நட வேண்டும், அடுத்து எதற்கு மேலே வெட்ட வேண்டும், கடைசியில் எந்தக் கிளை. லாகினின் பழைய நுனிக்கு மேலே இருக்கிற 4 கமிட் மட்டும் மெயினுக்குப் போகும். லாகின் பிராஞ்சை அழித்திருந்தாலும் பரவாயில்லை, கமிட்டுகளின் பட்டியலான கிட் லாகைப் பார்த்து அதன் கடைசிக் கமிட்டின் ஹாஷை (அடையாள எண்ணை) கொடுத்தால் போதும்.

இது தெரியாமல் அந்தப் பெண் வரிசையாக வந்த கான்ஃப்ளிக்ட்டை எல்லாம் 'அவர்ஸ்' (ours, நம்முடையது) என்று கொடுத்தே தாண்டியிருக்கிறாள். அவர்ஸ் என்றால் தன்னுடையது என்று நினைப்பது இயல்புதானே? இரண்டு கிளைகளைச் சேர்க்கும் மெர்ஜில் அப்படித்தான். ரீபேஸில் கிட் முதலில் புது பேஸில் போய் நின்றுகொண்டு, உன் கமிட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறது. அதனால் அவர்ஸ் என்பது மெயின், தியர்ஸ் (theirs, அவர்களுடையது) என்பதுதான் உன் வேலை. இதை உன் பசங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடு.

ரீபேஸ் 'வெற்றி' என்று முடிந்தது. ஃபைலைத் திறந்தால் மூன்று நாள் வேலையைக் காணோம். என்னிடம் வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஏழு மணி, கேப் கீழே காத்திருந்தது.

நான் 'கிட் ரீஃப்ளாக் பேமெண்ட்' என்று மட்டும் அடிக்கச் சொன்னேன். அந்தக் கிளையின் நுனி இதுவரை எங்கெல்லாம் இருந்தது என்று கிட் வைத்திருக்கும் குறிப்பு அது. முதல் வரியில் 'ரீபேஸ் ஃபினிஷ்' என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில், அவள் மதியம் போட்ட கடைசிக் கமிட்டின் மெசேஜ், அவள் எழுதிய அதே வார்த்தைகளில். விரலை அந்த வரியில் வைத்து, "சார், இது என்னுதுதான்" என்றாள். அந்த ஹாஷில் ஒரு புதுப் பிராஞ்ச் போட்டோம், எல்லாம் அப்படியே இருந்தது. பிறகு ஆன்ட்டூ போட்டோம். ஒரே ஒரு கான்ஃப்ளிக்ட், அதுவும் நியாயமானது.

மச்சான், நம் ஆட்கள் ரீபேஸுக்குப் பயப்படுவதற்குக் காரணம், அது கமிட்டை இடம் மாற்றுகிறது என்று நினைப்பதுதான். பேரன்ட் (முந்தைய கமிட்) மாறினால் ஹாஷ் மாறும், அதனால் கிட்டால் பழைய கமிட்டைத் தொடவே முடியாது. புதிதாக ஒன்று எழுதி, பிராஞ்சின் பெயரை அதில் மாட்டுகிறது. பழையது அந்த மெஷினிலேயே கிடக்கும். நீ எதையும் மாற்றி வைக்கவில்லை என்றால், இப்படி விடுபட்டவற்றுக்கு ரீஃப்ளாக்கில் 30 நாள் அவகாசம் உண்டு. கமிட் செய்யாத வேலைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் அரைகுறையானாலும் கமிட் செய்யச் சொல், திட்டாதே.

ரீபேஸ் செய்ததை சர்வருக்குப் புஷ் செய்யும்போது (ஏற்றும்போது) வெறும் ஃபோர்ஸ் (அங்கே இருப்பதன் மேல் கேட்காமல் எழுதுவது) வேண்டாம், 'ஃபோர்ஸ் வித் லீஸ்' போடச் சொல். நடுவில் வேறு யாராவது புஷ் செய்திருந்தால் அது மறுத்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து வேலை பார்க்கும் பிராஞ்ச் என்றால், கேட்காமல் ரீபேஸே செய்யக் கூடாது. இதில் நான் கறார்.

அப்புறம், மூன்று பிராஞ்ச் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிறது என்றாயே, உங்கள் கிட் என்ன வெர்ஷன்? 2022இல் வந்த 2.38 முதல் ரீபேஸில் 'அப்டேட் ரெஃப்ஸ்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு மேலே உள்ள பிராஞ்சை ரீபேஸ் செய்தால் நடுவில் இருப்பவையும் கூடவே நகரும். வெர்ஷனைப் பார்த்து எழுது, லாகை கிராஃபோடு எடுத்து அனுப்பு. எங்கே வெட்டுவது என்று சேர்ந்து பார்ப்போம்.

தீபாவளிக்கு வந்தால் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்