வங்கிக் கணக்கு மட்டும் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கஞ்சா கடைகளுக்கு வங்கிச் சேவை தரும் மசோதா பற்றிய கட்டுரையில், ‘இது வெறும் வங்கிப் பிரச்சினை, இனத்தை இதில் இழுக்க வேண்டியதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நான் நியூ ஜெர்சியில் சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன். அதில் ஒன்று கறுப்பினப் பெண்மணி ஒருவர் நடத்தும் கஞ்சா கடை. மாநில அரசின் உரிமம் இருக்கிறது. ஆனால் அமெரிக்க மத்திய அரசின் சட்டம் கஞ்சா விற்பனையை அனுமதிக்காததால் வங்கிகள் தயங்குகின்றன. ஒரு வங்கி காரணம் சொல்லாமல் அவர் கணக்கை மூடிவிட்டது. சம்பளம், வாடகை, வரி எல்லாம் ரொக்கம்தான். கடனும் கிடைக்கவில்லை. பெரிய கம்பெனிகளோ கனடா பங்குச் சந்தையில் முதலீடு திரட்டிக்கொள்கின்றன. 2022 ஏப்ரலில் இங்கே பொது விற்பனை தொடங்கியபோது முதலில் கடை திறந்ததும் அவர்கள்தான்.

அந்தப் பெண்மணியின் தம்பி கொஞ்சம் கஞ்சா வைத்திருந்ததற்காக இளவயதில் கைதானவர். இப்படிப்பட்ட பழைய வழக்குகளை மாநிலம் 2021-ல் அழித்தது. சரி, அதற்குள் அவர் இழந்த வேலைகளை யார் திருப்பித் தருவது? கஞ்சா பயன்படுத்துவதில் வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.6 மடங்கு அதிகம் என்று குடிமக்கள் உரிமைகளுக்காகப் போராடும் ஏ.சி.எல்.யு. அமைப்பின் 2020 அறிக்கை சொல்கிறது. இது தங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் செனட்டர் கோரி புக்கர், இப்படிப்பட்ட கைதுகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்யாமல் வங்கி மசோதாவை மட்டும் தனியாக நிறைவேற்றக் கூடாது என்று 2021-ல் எதிர்த்தார். கட்டுரை அவரை முட்டுக்கட்டை என்கிறது. மசோதா தள்ளிப்போனதில் அந்தப் பெண்மணிக்கும் நஷ்டம்தான். இருந்தாலும் அவர் புக்கர் பக்கம் நிற்கிறார். “கணக்கு கிடைத்தால் பணத்தைப் போட்டுவைக்கலாம். கடைக்கு முதலீடு எங்கிருந்து வரும்?” என்று கேட்கிறார்.

போன வருடம் போதைப்பொருள் பற்றிய கட்டுரைக்கு விலங்கு மாட்டிய கறுப்பின இளைஞர் படத்தைப் போட்டீர்கள். அப்போதே எழுதினேன். பாராட்டிய பத்தியை வெளியிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். மனது கஷ்டப்பட்டது. அமெரிக்கா என்றாலே தங்கள் பக்கங்களில் விசாவும் சம்பளமும்தான். கறுப்பின மக்கள் குற்றச் செய்தியில் மட்டும்தான் தலைகாட்டுகிறார்கள்.

அடுத்த இதழில் அந்தக் கைதுக் கணக்கை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். இடமில்லை என்றால், இந்தக் கடிதத்தில் அந்த வரியை மட்டுமாவது வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
எடிசன், நியூ ஜெர்சி