பினாங்குப் பயணத்துக்கு முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோலாலம்பூரில் வேலை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். அவளைப் பார்க்கிற சாக்கில் பினாங்கு, சிங்கப்பூர், பேங்காக் என்று ஒரு சுற்று வரப்போகிறாய், நல்ல கடைகளாகப் பட்டியல் போட்டு அனுப்பு என்கிறாய். பட்டியல் கிடையாது. அந்த ஊர்களில் எந்தக் கடை என்று தேடுவதைவிட, எத்தனை மணிக்கு எது கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்.

நீ போகாத ஊர்களையே உதாரணமாகச் சொல்கிறேன். மியன்மாரின் யாங்கூனில் மொஹிங்கா விடிந்ததும் சாப்பிடுகிற பண்டம். அரிசி நூடுல்ஸ்மேல் வாழைத்தண்டு போட்ட கெளுத்திக் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவார்கள். சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போனால் பானை கழுவுவதைத்தான் பார்க்கலாம். தைவானின் தைப்பேயில் நேர்மாறு, இரவுச் சந்தைகள் களைகட்டவே பொழுது சாய வேண்டும்.

பினாங்கில் சார் குவே தியோ போடுவதைப் பக்கத்தில் நின்று பார். பட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், மட்டி, முளைகட்டிய பயறு, முட்டை. பெயர்பெற்ற கைகள் ஒரு தட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாது. சட்டியில் அளவு கூடினால் சூடு இறங்கி, வறுபட வேண்டியது வெந்துவிடும். அந்தப் புகை வாசனை போய்விட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், வேண்டாமென்றால் கேட்டுக்கொள். அங்கே காபிக்கடைக்காரர் பானம் மட்டும் விற்பார். சாப்பாட்டுக் கடைகள் அவரிடம் வாடகைக்கு இருப்பவை. உட்கார்ந்தால் குடிக்க ஏதாவது வாங்கிவிடு, இல்லையென்றால் சில இடங்களில் அதற்கும் காசு கேட்பார்கள்.

நாசி கண்டாரை விட்டுவிடாதே. தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் உண்டாக்கிய சாப்பாடு. நாலு குழம்பையும் கலந்தே ஊற்றச் சொல். தனித்தனியாக வாங்கினால் அதன் ருசியே வேறு.

சிங்கப்பூரில் தெருவோரக் கடைகளை எழுபது, எண்பதுகளிலேயே கூரைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். 2020-இல் அந்தக் கடைப் பண்பாட்டுக்கு யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்தது. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், உட்கார்ந்துவிடாதே. 2016-இல் அங்கே ஒரு கோழிச் சோற்றுக் கடை மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. இப்படிப்பட்ட கடை வாசலில் வரிசை கட்ட உனக்குப் பொறுமை இருந்தால் சரி. நானாக இருந்தால் பக்கத்துக் கடையில் சாப்பிட்டு முடித்திருப்பேன்.

பேங்காக்கில் நூடுல்ஸ் மேசையில் சர்க்கரை, மீன்சாறு, மிளகாய்த்தூள், வினிகரில் ஊறிய மிளகாய் என்று நாலு கிண்ணம் இருக்கும். முதலில் வெறுமனே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அதில் கைவை. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, அந்தக் கிண்ணம் பக்கமே போகாதே.

உன்னோடு வருகிற உமா சைவம் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். அங்கே காய்கறிப் பொரியலிலும் மீன்சாறு விழும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று தாய் மொழியில் எழுதியிருக்கிற கடைக்கு அழைத்துப் போ. மீன், இறைச்சி, முட்டை எதுவும் இருக்காது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது.

அன்புடன்,
ரவி