நடிகரோடு படம்: காசு கட்டுமுன் வாசியுங்கள்

தம்பிமார், தங்கச்சிமார், டொரொண்டோவில் நடக்கிற ஃபேன் எக்ஸ்போ மாதிரி, ரசிகர்கள் நடிகர்களை நேரில் சந்திக்கிற விழாவுக்கு அங்குள்ள சொந்தக்காரரோடு போகும்போது நடிகரோடு படம் எடுக்க முன்கூட்டியே காசு கட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள், எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

நுழைவுச்சீட்டு வேறு, படத்துக்கான சீட்டு வேறு, கையெழுத்து வேறு. உள்ளே போனால் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். படம் சில நொடி வேலைதான்: வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், திரைக்கு முன்னால் போய் நிற்பீர்கள், கமராக்காரர் ஒரு தடவை அழுத்துவார், அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். பேச ஆசை என்றால் கையெழுத்து மேசைதான் நல்லது. தோளில் கை போடுவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

விலை ஏன் அவ்வளவு? பல நடிகர்களுக்கு விழாக்காரர் ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்துதான் கூப்பிடுகிறார்கள், படமும் கையெழுத்தும் விற்ற காசில்தான் அது நிரம்ப வேண்டும். அதில் பிழை இல்லை. ஆனால் பெரிய நடிகர் என்றால் 100 டொலரைத் தாண்டும், அதை ரூபாயாக்கிப் பாருங்கள், மட்டக்களப்பில் எத்தனை வீட்டில் மாசச் சாமானுக்கே அவ்வளவு இல்லை. கனடாவில் மாமா இரவு வேலை செய்து அனுப்புகிற காசு அது, கேட்கிறதுக்கு முன் யோசியுங்கள்.

நடிகர் வராவிட்டால் காசு திரும்புமா என்பதை விழாவின் சொந்தத் தளத்தில் வாசித்த பிறகே கட்டுங்கள். முகநூலில் வங்கிக் கணக்கு இலக்கம் போட்டு ‘படம் உறுதி’ என்கிறவர்களுக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். சந்தேகமான இணைப்பு வந்தால் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.