சென்னைக்கு வைத்தியத்துக்குப் போவோரின் வாகனச் செலவு

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வைத்தியத்துக்காகச் சென்னை போகிறவர்களிடம், விமான நிலையத்தில் ஏற்றுவது முதல் நாளாந்தம் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வருவது வரை மருத்துவப் பயணம் ஒழுங்கு செய்வோர் வாகனக் காசையும் சேர்த்தே ஒரு தொகை வாங்குவது வழக்கமாகிவிட்டது. படுத்த நோயாளிக்கு வாகனம் வேண்டியதுதான். கண் காட்டவும் பரிசோதனை முடிவு எடுக்கவும் போகிற, நடக்க முடிந்தவருக்கு அது வீண் செலவு. மொழிச் சிக்கலே இல்லாத ஊரில் கையில் இருக்கும் காசை ஏன் காருக்குக் கொட்ட வேண்டும்?

சென்னை விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது. அதிகாலை 5 மணியளவிலிருந்து இரவு 11 மணியளவு வரை ஓடும். கட்டணம் ஆகக் குறைந்தது 10, ஆகக் கூடியது 50 இந்திய ரூபா. அந்த 50 ரூபாவும் நமது இலங்கைக் காசில் 200க்குள் அடங்கும். கவுன்டரில் காசு கொடுத்தால் கியூஆர் அச்சிட்ட தாள் தருவார்கள். உள்ளே போகும்போது காட்டியதோடு வேலை முடிந்தது என்று அதைக் கசக்கிவிடக் கூடாது. வெளியேறும் கதவும் அதே தாளைக் காட்டினால்தான் திறக்கும். தொலைத்தால் தண்டம் கட்ட நேரிடும்.

விமான நிலையத்திலிருந்து புறப்படுவது நீலப் பாதை. கிரீம்ஸ் வீதிப் பக்கத்து வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் அதே ரயிலில் இருந்து ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கினால் போதும்; மிச்சத் தூரம் ஆட்டோவுக்கும் சிறிது. வடபழனி, அண்ணா நகர் பக்கம் தங்குகிறவர்கள் ஆலந்தூரில் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். புதுச் சீட்டு தேவையில்லை, தளம் மட்டும் மாறும், மின்தூக்கி உண்டு. பலர் தடுமாறுவது இங்கேதான்: சென்ட்ரல் பக்கம் போகும் ரயிலில்தான் ஏற வேண்டும். எதிர்ப்பக்க ரயில் அடுத்த நிலையமான பரங்கிமலையோடு நின்றுவிடும்.

வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் சென்னை நகருக்குள் அறை எடுக்காமல் நீலப் பாதையிலேயே சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து காட்பாடி சந்திக்கு ரயில் பிடிக்கலாம். எழும்பூருக்குப் போய் நின்று தேட வேண்டாம். அது வேறு நிலையம், பெரும்பாலும் தென்மாவட்ட ரயில்களுக்கானது. காட்பாடியிலிருந்து வேலூர் நகருக்கு பஸ் தாராளம்.

மெட்ரோவை விட மலிவானது புறநகர் மின்சார ரயில். விமான நிலையத்துக்கு எதிரே, பெருவீதிக்கு அப்பால், திரிசூலம் நிலையம். சுரங்கப்பாதை வழியாகக் கடக்கலாம். தி. நகர்க் கடைகளுக்கு இதுதான் தோதான வழி. கடற்கரை என்று பலகை போட்ட ரயிலில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் நேரே ரங்கநாதன் தெரு. ஒன்று கவனம்: எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. முதல் வகுப்பும் மகளிர் பெட்டியும் தனி. சாதாரணச் சீட்டோடு முதல் வகுப்பில் உட்கார்ந்தாலும், ஆண்கள் மகளிர் பெட்டியில் ஏறினாலும் பரிசோதகர் தண்டம் எழுதுவார். வெளிநாட்டுக்காரர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் பயணப்பொதியோடு இந்த ரயிலை நினைக்கவே வேண்டாம்.

பஸ்ஸில் கண்டக்டர் நம்மிடம் வருவார் என்று காத்திருந்தால் இறங்கும் இடமே வந்துவிடும். அங்கே அவர் பெரும்பாலும் தன் இருக்கையிலேயே இருப்பார்; காசைக் கைமாற்றிக் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். சில்லறை இல்லாமல் 500 ரூபாத் தாளை நீட்டினால் ஏச்சுத்தான். இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கானவை. இலக்கத்தோடு ஒட்டியிருக்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும். 29 வேறு, 29சி வேறு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் கண்டக்டர் தரும் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

திருச்சி, மதுரை என்று தெற்கே கோயில் தரிசனத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். பழைய நினைப்பில் கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கே போகும் பஸ்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அது தாம்பரத்துக்கும் தெற்கே.

மெட்ரோ ஓடாத நேரத்தில் விமானம் இறங்கினால் வெளியே வந்து பேரம் பேசாமல், விமான நிலைய முற்பணக் கவுன்டரில் டாக்சி எடுப்பதே நல்லது. நம் ஊரில் வாகனம் அழைக்கும் பிக்மீ செயலி அங்கே இல்லை. நமது தொலைபேசியில் உள்ள ஊபர் இணைய இணைப்பு இருந்தால் அங்கேயும் வேலை செய்யும். ஆட்டோக்காரர் கூகுள் பே கேட்பார். நம்மிடம் அது இராது, ஆகவே ஏறும் முன்பே காசுதான் என்று சொல்லிவிட வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்து வரும் நாளுக்கு இவை எதுவும் பொருந்தாது. அன்றைக்குக் கார்தான் வேண்டும். அந்த ஒரு நாளுக்காக முழுப் பயணத்துக்கும் வாகனக் காசு கட்டத் தேவையில்லை என்பதே எனது கருத்து. ஆகவே, மருத்துவப் பயணம் ஒழுங்கு செய்வோர் தமது கட்டண விவரத்தில் வாகனச் செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டவேண்டும். வேண்டாதவர் அதைக் கழித்துக்கொள்ளட்டும். தங்குமிடத்துக்கு அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தால் இன்னும் உதவி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.