வின்ச் கயிற்றின் விலை குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜீப் வைத்திருப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு குரல் பதிவு சில வாரங்களாகச் சுற்றி வருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். வால்பாறைப் பக்கம் சேற்றில் சிக்கிய வண்டியை மீட்கும்போது வின்ச்சில் (வண்டியின் முன்னால் பொருத்தி, மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போட நம்மிடம் வாங்கிய 10 மி.மீ. சிந்தெடிக் (செயற்கை இழை) கயிறு அறுந்துவிட்டது என்றும், இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் அதே கயிற்றை நாங்கள் கொள்ளை லாபம் வைத்து விற்கிறோம் என்றும் அதில் சொல்லப்படுகிறது. அன்று யாருக்கும் அடிபடவில்லை என்பது பெரிய ஆறுதல். நேரில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டோம். கேட்காமலே மனத்தில் வைத்திருப்பவர்களுக்கும் விளக்கம் சேர வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில், அறுந்த கயிற்றைப் பற்றி. அதன் உரிமையாளர் துண்டுகளைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினார். சுமை தாங்காமல் அறுந்த கயிற்றின் இழைகள் வெவ்வேறு நீளத்தில் பிய்ந்து, முனை நெடுகப் பிரிந்திருக்கும். இந்தக் கயிற்றிலோ பன்னிரண்டு புரிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பக்கத்தில், ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருந்தன. மீதிப் புரிகள் மட்டுமே இழுபட்டு அறுந்திருந்தன. வண்டியின் முன்பக்கம் முன்பு கம்பிக் கயிறு ஓடிய பழைய ரோலர் அப்படியே இருந்தது. அதன் மீது விரலை ஓட்டினால் கம்பி அரைத்த பள்ளங்களின் விளிம்பு நகத்தில் தட்டுகிறது. கம்பிக் கயிற்றைக் கழற்றிவிட்டுச் சிந்தெடிக் கயிறு போடும் ஒவ்வொருவரிடமும், ரோலரை எடுத்துவிட்டு வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட் (கயிறு வெளியே வரும் வழிகாட்டி வாய்) மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பில்லிலும் எழுதித்தான் கொடுக்கிறோம். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. செலவைத் தள்ளிப்போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் கயிறு போலி என்ற பேச்சுக்கு அந்த முனையே பதில்.

எங்களை உண்மையில் வருத்தியது விலையைப் பற்றிய பேச்சுதான். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் விற்கும் கயிறு மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழையால் பின்னப்பட்டது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் இந்த இழையின் வணிகப் பெயர்களே. டைனீமாவை நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் உருவாக்கியது, 2022இல் அந்தத் தொழில் அவியன்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஸ்பெக்ட்ரா அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்திடம் இருந்தது, 2025இல் அதிலிருந்து பிரிந்த சோல்ஸ்டிஸ் நிறுவனத்துக்குப் போனது. இதே வகை இழையைச் சீனாவிலும் பல ஆலைகள் செய்கின்றன. பெயர் பெற்ற இழையில் பின்னிய கயிற்றை நம் ஊர் ஜீப்புக்கு வாங்குவதென்றால், வின்ச் விலையில் கணிசமான பங்கு கயிற்றுக்கே போய்விடும். அதனால்தான் வணிகப் பெயர் இல்லாத, ஆனால் இழை அதேதான் என்று சோதித்துத் தெரிந்துகொண்ட சீனக் கயிற்றைத் தருவித்து மீட்டர் கணக்கில் விற்கிறோம். கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க வேண்டும் என்று தொடங்கிய இந்த ஏற்பாட்டையே கொள்ளை என்று சொல்லும்போது மனம் வேதனைப்படாமல் இருக்குமா?

இனிப் பாதி விலைக் கயிற்றைப் பார்ப்போம். அவை எல்லாமே போலி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் எங்களிடம் கொண்டுவந்தவற்றில் சில, பையின் மேல் ஒன்பது டன் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருந்தது போர்வெல் மோட்டாரைத் தொங்கவிடும் பாலிபுரொப்பிலீன் வகைதான். 10 மி.மீ. தடிமனில் உண்மையான இழைக் கயிறு எட்டு, ஒன்பது டன் வரை தாங்கும். அதே தடிமனில் நைலான் ஏறத்தாழ 2 டன்னிலும், பாலிபுரொப்பிலீன் ஒன்றரை டன்னையொட்டியும் அறுந்துவிடும். மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா வண்டிகளில் பலரும் மாட்டும் 9500 பவுண்டு வின்ச், கயிறு சுற்றும் டிரம்மின் முதல் அடுக்கில் சுமார் 4300 கிலோ இழுக்கக்கூடியது. அப்படியானால் வின்ச் தன் பலத்தில் பாதியைக் காட்டும் முன்பே அந்தக் கயிறு கைவிட்டுவிடும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நைலானில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நன்றாக நீளும் என்பதால் ஒரு வண்டி இன்னொன்றை வெடுக்கென்று இழுத்து மீட்கும் வேலைக்கு ஏற்றது. வின்ச்சில் போட்டாலோ, அந்த நீட்சி முழுவதும் விசையாகத் தேங்கி, அறும்போது ஆளை நோக்கித் திரும்பும்.

எங்கே வாங்கினாலும் சரி, வாங்கியதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கிவிடும். உண்மையான இழை மிதக்கும். பாலிபுரொப்பிலீனும் மிதக்கும் என்பதால் அதோடு நின்றுவிடக் கூடாது. கயிற்றை விரல்களுக்கிடையே தேய்த்தால் மெழுகு தடவியது போல வழுக்க வேண்டும், தொடுகையில் குளிர்ச்சி தெரிய வேண்டும். சாதாரண முடிச்சுப் போட்டு இழுத்தால் அது நிற்காமல் நழுவும். வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டப் போனால் இழைகள் வெட்டுப்படாமல் கத்தரியின் வாய்க்குள் மடிந்து மாட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் கரகரவென்று வெட்டுப்பட்டுவிடும். கடையில் பழைய கத்தரிக்கோல் ஒன்றும் கயிற்றுத் துண்டுகளும் மேசை மேலேயே கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் இழையில் குறைக்காதீர்கள், நீளத்தில் குறையுங்கள். முப்பது மீட்டர் கேட்டு வருபவர்களிடம் 24 மீட்டர் போதும் என்றுதான் எப்போதும் சொல்கிறோம். டிரம்மில் கயிறு அடுக்கு அடுக்காக ஏற ஏற வின்ச்சின் இழுவை ஒவ்வோர் அடுக்குக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துகொண்டே போகும். ஆகவே குட்டையான கயிறு பணத்தையும் மிச்சப்படுத்தும், வின்ச்சுக்கும் வலு சேர்க்கும். கயிற்றைக் கட்டி இழுக்க வேண்டிய மரம் எட்டாத தூரத்தில் இருந்தால், அதற்குத் தனி நீட்டிப்புக் கயிறு ஒன்றை நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். தடிமனிலும் அப்படித்தான். வெற்று எடை ஆயிரம் கிலோ அளவே உள்ள மாருதி ஜிப்ஸிக்கு, சிறிய வின்ச்சும் 5 டன்னுக்கு மேல் தாங்கும் 8 மி.மீ. கயிறும் தாராளம், பக்கத்து வீட்டுத் தார் வண்டியில் 10 மி.மீ. இருக்கிறதே என்று பார்க்க வேண்டியதில்லை. எஸ்டேட்டில் பாறை மேல் மரம் இழுக்கும் வேலையே அதிகம் என்பவர்களிடம், உங்களுக்குக் கம்பிக் கயிறே நல்லது என்று சொல்லித் திருப்பி அனுப்பியும் இருக்கிறோம். கொள்ளையடிக்க நினைக்கும் கடை அப்படிச் செய்யுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மிச்சப்படுத்தக் கூடாத இடங்களும் உண்டு. அலுமினிய ஃபேர்லீட் ஒன்று. டிரம்மின் முதல் அடுக்கைச் சுற்றிய வெப்ப உறை இன்னொன்று. பெரும்பாலான மின் வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருப்பதால், சுமையோடு மோட்டாரை ஓட்டிக் கயிற்றை வெளியே விடும்போது டிரம் கொதித்துவிடும். இந்த இழை 150 டிகிரியை நெருங்கும்போது உருகும். 70 டிகிரியைத் தாண்டினாலே வலு இழக்கத் தொடங்கும். சுமையில்லாமல் கயிறு எடுக்க வேண்டியிருந்தால் கிளட்சை விடுவித்துக் கையால் இழுங்கள். எவ்வளவு நீளமாக இழுத்தாலும் டிரம்மில் பத்துச் சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். இந்த வழுக்கும் கயிறு அந்தச் சுற்றுகளின் பிடியில்தான் நிற்கிறது. கொக்கி மாட்டும் முனையில் முடிச்சு போடவே கூடாது, அங்கேயே பாதி பலம் போய்விடும். 10 மி.மீ. கயிற்றை ஸ்பிளைஸ் செய்யும்போது, அதாவது முடிச்சில்லாமல் முனையை மடித்துக் கயிற்றுக்குள்ளேயே செருகிக் கண் போடும்போது, வால் முனை 72 செ.மீ. வரை உள்ளே புதைந்திருக்க வேண்டும். நம்மிடம் வாங்கிய கயிற்றில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் தடிப்பு எதுவரை போகிறது என்று கைக்கே தெரியும்.

கயிற்றுக்கு டாலரில் பணம் கட்டுகிறோம். டாலரும் கப்பல் கூலியும் ஏறியதை இதுவரை நாங்களே தாங்கிக்கொண்டோம். இனி இயலாததால் அடுத்த மாதம் முதல் மீட்டர் விலை சற்றுக் கூடுகிறது. ஸ்பிளைஸ் போட்டுக்கொண்டிருந்த தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால், கண் முனை போட்ட கயிற்றுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்கவும்.

வின்ச் என்பதே நம் ஊரில் அரிதாக இருந்த காலத்தில் எங்களை நம்பிக் கம்பிக் கயிற்றைக் கழற்றிப் போட்டவர்களை நாங்கள் மறக்கவில்லை. சேற்றோடு வந்து நின்று, கயிறு நன்றாக உழைத்தது அண்ணா என்று சொல்லிவிட்டு மட்டும் போனவர்கள் உண்டு. இந்தக் குரல் பதிவு பரவியபோது, நாங்கள் கேட்காமலேயே அந்தக் குழுக்களில் நமக்காகப் பதில் எழுதியவர்களும் உண்டு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

நம்மிடம் வாங்கியதானாலும் வேறு இடத்தில் வாங்கியதானாலும், உங்கள் வின்ச் கயிற்றைக் கொண்டுவந்தால் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கிறோம். வருவதற்கு முன் கயிறு முழுவதையும் வெளியே எடுத்து, சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் மண் போக அலசி, நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். புரிகளுக்குள் மணல் இருந்தால் இழை எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ரோலரையும் கழற்றிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கோயம்புத்தூர்.