சண்முகத்துக்கு, எண்ணெய் விஷயமாக

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் கடலை எண்ணெய்க் கேனும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதத்தை நான் பிரித்தேன், கேனைச் சரஸ்வதி பிரித்தாள். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் இருந்த சாமான் எல்லாம் இப்போது பரண்மேல்.

நம் செக்கு எண்ணெயை வாங்குகிறவர்களே நமக்காக ஊரெல்லாம் பேச வேண்டும், அதற்குப் புது ஆள் கொண்டுவருகிறவருக்கு லிட்டருக்கு இருபது ரூபாய் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. அதற்குமுன் பிரௌனி வைஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையைக் கேள்.

டப்பர்வேர் டப்பாவை நீயும் பார்த்திருப்பாய். ஏர்ல் டப்பர் என்பவர் 1946-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கடைகளில் அது தூசி படிந்து கிடந்தது. காற்றுப் புகாத மூடிதான் அதன் பெருமை. ஆனால் மூடியின் நடுவே அழுத்தி, ஓரத்தைச் சற்றுத் தூக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் அது சரியாக மூடும். தெரியாதவர் கையில் அது மூடவே மூடாத டப்பா. எந்தக் கடைக்காரர் நின்று நிதானமாக இதைச் சொல்லிக்கொடுப்பார்? பிரௌனி வைஸ் கணவரைப் பிரிந்து மகனைத் தனியாக வளர்த்தவர். அக்கம்பக்கத்துப் பெண்களை ஒரு வீட்டுக் கூடத்தில் கூட்டிவைத்து, டப்பாவில் தண்ணீர் நிரப்பி, மூடி, அறையின் குறுக்கே வீசிக் காட்டுவார். சிந்தாது. பிறகு அவர்கள் கையிலேயே கொடுத்து மூடச் சொல்வார். இப்படி அவர் விற்றது கடைகள் விற்றதைவிட அதிகம் என்று கண்ட டப்பர், 1951-இல் அவரைத் துணைத் தலைவராக்கினார். கடை விற்பனையையே நிறுத்திவிட்டார்.

கமிஷன் இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் அந்தப் பெண்களை இழுத்துப் பிடித்தது அது மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன். போர்க்காலத்தில் தொழிற்சாலைக்கு வா என்று அழைக்கப்பட்டு, போர் முடிந்ததும் அடுப்படிக்கே போ என்று அனுப்பப்பட்ட தலைமுறை அது. பிரௌனி அவர்களை மேடையேற்றிப் பெயர் சொல்லிக் கைதட்ட வைத்தார். 1954-இல் ஃபுளோரிடாவில் ஒரு திருவிழாவே நடத்தினார்: நிலத்தில் பரிசுகளைப் புதைத்துவைத்து, ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டச் சொன்னார். கற்பனை செய்து பார், நம் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவையோடு மண்வெட்டி பிடித்து நிற்பதை!

முடிவு நன்றாக இல்லை. அதே ஆண்டு ‘பிசினஸ் வீக்’ பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். டப்பருக்கும் அவருக்கும் கசப்பு வளர்ந்து, 1958 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார். நிறுவனத்தில் ஒரு பங்குகூட அவர் பெயரில் இல்லை. வழக்காடி வாங்கியது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம், 30,000 டாலர். டப்பரோ அதே ஆண்டில் நிறுவனத்தை 1.6 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்ததே, அதற்குக் காரணங்கள் வேறு. பிரௌனியின் சாபம் என்று எழுத ஆசைதான், எழுத மாட்டேன்.

இப்போது உன் எண்ணெய்க்கு வருகிறேன். முதல் நாள் வடை போட்டபோது வாணலியின் விளிம்புவரை நுரைத்துக்கொண்டு வந்தது. சரஸ்வதி பயந்து அடுப்பை அணைத்தாள். கேனின் அடியில் கசடு வேறு. ‘கலப்படம்தான், சந்தேகமே இல்லை’ என்று கீழ்வீட்டு அம்மாள் தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்புறம் சரஸ்வதி, தன் அத்தை சொல்லிக்கொடுத்த பழைய வழக்கம் நினைவுக்கு வந்து, காய்ந்த எண்ணெயில் சுண்டைக்காய் அளவு புளியைப் போட்டாள். நுரை அடங்கியது. அவ்வளவுதான், கீழ்வீட்டு அம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து செய்து காட்டினாள். ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் இவளே போய் வடை சுட்டுக் காட்டிவிட்டு வந்தாள். எனக்கு இரண்டு நாள் மத்தியானச் சாப்பாடு தாமதம்.

உன் டப்பா மூடி அந்த நுரைதான், சண்முகம். இவளுக்கு நீ லிட்டருக்கு இருபது ரூபாய் கொடுத்திருந்தால், காசுக்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டார். உன்னிடம் வாங்கும் இருநூறு வீடுகளில் இப்படிச் சொல்லிக்கொடுத்துத் திரிகிற நாலைந்து பேர் ஏற்கெனவே இருப்பார்கள். உன்னிடம் அதிகமாகக் குறை சொல்கிறவர்களில் முதலில் தேடு. ஒரு நாள் செக்கடிக்கு வரச்சொல்லி, கடலை கொட்டுவதிலிருந்து பிண்ணாக்கு அள்ளுவதுவரை பார்க்கவிடு. நாளைக்குத் தொழில் பெருத்தால் பங்கு கொடுக்கவும் மறந்துவிடாதே.

அடுத்த மாதம் காங்கயத்தில் ஒரு கல்யாணம். அப்படியே உன் ஊருக்கும் வருகிறேன். நல்லெண்ணெய் ஐந்து லிட்டர் எடுத்துவை, காசு கொடுத்துத்தான் வாங்குவேன். எள் ஆட்டும்போது கருப்பட்டியைக் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல். போன முறை கசந்தது.

அன்புடன்,
ராமநாதன்