வாசிப்பில் வாங்கிய 17

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதன் உச்சநிலையான என்1-இல் ஒருமுறை கோட்டை விட்டவன் நான்.

180-க்கு 104 வாங்கினேன். 100 எடுத்தால் தேர்ச்சி, ஆனாலும் ஃபெயில்! மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் மூன்றிலும் தனித்தனியாக 60-க்கு 19 வேண்டும், எனக்கு வாசிப்பில் 17. ராப்பகலாக கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துகளை எழுதிப் பழகியவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. நான் படித்த பயிற்சி மையத்தில் எந்த வாக்கியத்தையும் முதலில் இங்கிலீஷுக்கு மாற்றச் சொல்வார்கள். கடைசியில் இருக்கும் வினையை இழுத்து முன்னால் போட்டு, நடுவில் இருப்பதையெல்லாம் கலைத்து அடுக்குவதற்குள் பத்தியின் ஆரம்பமே மறந்துவிடும். ஆனால் ஜப்பானிய வாக்கியம் தமிழ் போலவேதான் அமைகிறது. 'கினோ மிசே தே கத்தா ஹோன்' என்றால் 'நேற்று கடையில் வாங்கின புத்தகம்', சொல்லுக்குச் சொல் அதே வரிசை. சாப்பிட்டுப் பார் என்பதற்கு ஜப்பானியர்களும் 'தபேதே மிரு' என்று 'பார்'தான் போடுகிறார்கள். பலரையும் கவிழ்க்கும் 'இகனை வாகே நி வா இகனை' வேறொன்றுமில்லை, நம் 'போகாமல் இருக்க முடியாது'தான். இதை ஏன் சுற்றிவளைத்துப் படிக்க வேண்டும்?

கட்டுரைப் பத்திகளில் இன்னொரு கண்ணி உண்டு. முடிவில் 'தேவா நை தாரோ கா' என்று வரும். எழுதியவர் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து நான் விடையைத் தப்பாகக் குறித்தேன். உண்மையில் 'அப்படித்தானே, இல்லையா?' என்று நாம் கேட்பதுபோல அதுதான் அவருடைய கருத்தே. பத்தியில் உள்ள சொற்களை அப்படியே எடுத்துப் போட்டிருக்கும் விடையையும் நம்பக் கூடாது, பாதி நேரம் அதுதான் பொறி.

நேரமும் பிரச்சினைதான். சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்த்து 110 நிமிடம். இரண்டாவது தடவை முதல் இரண்டையும் 40 நிமிடத்தில் முடித்து, மீதியை முழுக்க வாசிப்புக்கு வைத்துக்கொண்டேன், அதுவும் தமிழிலேயே யோசித்து. தேறிவிட்டேன்.

ஜூலை, டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை சென்னையிலும் இந்தத் தேர்வு நடக்கிறது. தமிழ் வழியாக ஜப்பானிய இலக்கணம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் வாரம் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்